வெள்ளரிப் பந்தலில் மாமன் மடி

மார்க்கையன்கோட்டை
12-8-2007

அன்புள்ள நாகராஜ் அண்ணனுக்கு,

தங்கச்சி தேவயானி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், நதியா நாலு பேரும் சுகம். போன மாதம் போனில் இருமினாயே, அந்தச் சளி விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லி அம்மா என்னை எழுதச் சொல்லிவிட்டு, எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டது.

எனக்கும் நதியாவுக்கும் அமெரிக்க விசா கிடைத்துவிட்டது, டிசம்பர், ஜனவரி வாக்கில் கிளம்ப வேண்டும். உன் மாப்பிள்ளை சூரியபிரகாஷ் நியூஜெர்சியில் வீடு பிடித்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளை எப்போது வந்து இறங்குவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நேற்று தேனியில் டிக்கெட் போடும் ஜெபஷீலா அக்காவைப் பார்த்தேன். டில்லியில் ஏறினால் பின்லாந்தில் இறங்கித்தான் வேறு விமானம் மாற வேண்டுமாம். பின்லாந்தா, எங்க அண்ணன் ஊரு என்றேன். அப்படியானால் இரண்டு நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போ, அதற்குத் தனி விசா வாங்கிக்கொள்ளலாம் என்றார் அக்கா.

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. என் கல்யாணத்துக்கும் வரவில்லை. நதியாவுக்கு நாலு வயது, மாமன் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். இன்னும் காது குத்தவில்லை. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவேன் என்று இத்தனை நாள் நான் பிடித்த பிடியில் நிற்கிறேன். என் மாமியார் சண்முகத்தாய் போன வாரம் முடிவாகச் சொல்லிவிட்டது: "அமெரிக்கா போறதுக்குள்ள குத்தணும். ஒங்கண்ணன் வரலேன்னா ஒங்க சித்தப்பா மகன் பொன்னுராஜ் ஒக்காரட்டும். அவனும் மாமன்தான்." பொன்னுராஜ் நல்லவன்தான். ஆனால் அவன் உன் இடத்தில் உட்காருவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

போனில் இதையெல்லாம் பேச முடியாது. நீ கூப்பிட்டால் அப்பா ரிசீவரில் பாதியைத் தன் காதுக்கு இழுத்துக்கொள்கிறார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய், "எம்மகன் பின்லாந்துல ஆபீசரு. கண்ணாடித் தோட்டம். கம்ப்யூட்டர்ல தண்ணி பாய்ச்சுவாக, மண்ணத் தொட வேண்டியதில்ல" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

மாடியில் அம்மா வெள்ளரிக்கொடி வைத்திருக்கிறது. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறது. உடனே பதில் போடு.

தங்கச்சி
தேவயானி


நேர்ப்பெஸ், பின்லாந்து
5-9-2007

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சளி விட்டுவிட்டது, அம்மாவிடம் சொல். நீயும் குட்டியும் இந்த நாட்டில் இறங்குகிறீர்கள் என்று படித்ததும் இரண்டு தடவை எழுந்து நடந்தேன். ஏழு வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் வரவில்லை.

ஆனால் தாயி, இங்கத்த குளிரை நீ நினைத்துப் பார்க்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் மைனஸ் பதினைந்து, சில நாள் இருபது. மூணு மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். மேகமலைக்கே ஸ்வெட்டர் இல்லாமல் போய்ப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு வந்தவள் நீ. சின்னப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா? அதுவும் நான் இருக்கிறது ஹெல்சிங்கியில் இல்லை, ரயிலும் பஸ்ஸுமாக ஆறு மணி நேரம். நேராக அமெரிக்கா போய்ச் சேர்வதுதான் நல்லது என்று தோன்றுகிறது. இன்னொரு சமயம் நானே அங்கே வந்து பார்க்கிறேன்.

அம்மாவின் கொடிக்கு: தரையிலிருந்து நாலு கணு வரைக்கும் பூ, பிஞ்சு ஒன்றும் விடக்கூடாது, கிள்ளிவிட வேண்டும். பக்கத்தளிரை வெயில் ஏறுவதற்கு முன் கிள்ளினால் காயம் சீக்கிரம் ஆறும். கத்தரி வேண்டாம், பெருவிரல் நகம் போதும். தண்டை நூலில் சுற்றும்போது எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றச் சொல்.

அப்பாவுக்கு என் வணக்கம். நதியாவுக்கு முத்தம்.

அண்ணன்
நாகராஜ்


மார்க்கையன்கோட்டை
22-9-2007

அன்புள்ள அண்ணே,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய், குளிரைப் பற்றி அரைப்பக்கம் எழுதத் தெம்பு இருந்திருக்கிறதே.

உனக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். குளிருக்கு: தேனி பஜாரில் எனக்கும் நதியாவுக்கும் கம்பளிக் கோட்டு வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள் கரடி மாதிரி நடக்கிறாள், வேர்த்துக் கொட்டுகிறது, கழற்ற மாட்டேன் என்கிறாள். மூணு மணிக்கு இருட்டுகிறதா, விளக்கைப் போடு. ஆறு மணி நேரமா, மார்க்கையன்கோட்டையிலிருந்து டில்லி போய்ச் சேர்கிறவளுக்கு அது ஒரு தூரமா?

அந்தத் தனி விசாவுக்கு நீ ஒரு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். நீ எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று முதலாளி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஜெபஷீலா அக்கா நாலு தடவை சொல்லிவிட்டார். மறந்துவிடாதே.

அம்மா நீ சொன்னபடியே கிள்ளியது. இப்போது ஒவ்வொரு கணுவிலும் பிஞ்சு நிற்கிறது. "ஆபீசருக்கு எப்படி இவ்வளவு தெரியுது" என்று ஆச்சரியப்பட்டது. அப்பா உடனே, "சொல்லிக்குடுக்கிறதுக்குத்தானம்மா ஆபீசர்" என்றார்.

தேவயானி


நேர்ப்பெஸ்
14-10-2007

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீ சொன்னால் கேட்கிறவளா? சரி, வா.

கிறிஸ்துமசுக்கு எனக்கு லீவு உண்டு. டிசம்பர் 23 முதல் ஜனவரி 1 வரை. அந்த நாளில் டிக்கெட் போடு. நான் ஹெல்சிங்கிக்கே வந்துவிடுகிறேன், நீ இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். நல்ல ஓட்டலில் அறை எடுக்கலாம். அங்கே நகைக்கடையில் காது குத்துகிறார்கள். என் மடியில் வைத்துக் குத்திவிட்டு மறுநாள் விமானம் ஏற்றி விடுகிறேன். ஊரெல்லாம் விளக்குப் போட்டு அழகாக இருக்கும், குட்டிக்குப் பிடிக்கும்.

அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்? பாதம் எத்தனை விரற்கடை என்று அளந்து எழுது. பனிக்கு வேறு மாதிரி பூட்ஸ் வேண்டும், அதை நான் வாங்குகிறேன்.

நாகராஜ்


மார்க்கையன்கோட்டை
30-10-2007

அன்புள்ள அண்ணே,

எல்லோரும் நலம். கலர் மஞ்சள். பாதம் இதோ, பேப்பரில் வைத்து வரைந்திருக்கிறேன். வரையும்போது கூச்சத்தில் நெளிந்தாள், அதனால் சுண்டுவிரல் பக்கம் கோணலாக இருக்கிறது.

ஆனால் ஏழு வருஷத்தில் காலண்டரை மறந்துவிட்டாயா? டிசம்பர் 23 மார்கழி. மார்கழியில் யாராவது காது குத்துவார்களா? என் மாமியாரிடம் சொன்னேன், என்னை ஏற இறங்கப் பார்த்தது. அம்மாகூட, "அவன் வெள்ளக்காரனாவே ஆயிட்டானா" என்று கேட்டது. தை பிறந்தால்தான் ஆகும். நாள் பார்த்தாயிற்று. தை பத்து, ஜனவரி 24, வியாழக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

ஆபீசருக்கு இரண்டு நாள் லீவு கிடைக்காதா? கேட்டுப் பார். அழைப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. விசாவுக்கு நாள் பிடிக்கும்.

தேவயானி


மார்க்கையன்கோட்டை
22-11-2007

அண்ணனுக்கு,

இங்கே நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தீபாவளி அன்று போனில் இரண்டு நிமிஷம் பேசினாய், அப்பா பக்கத்தில் இருந்ததால் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

என் மாமியார் பொன்னுராஜிடம் சொல்லி வைத்துவிட்டது. நீ மாட்டேன் என்றால் அதே தை பத்தில் வீரபாண்டி கோயிலில் அவன் மடியில் குத்தி, மறுநாள் நாங்கள் வேறு வழியாக அமெரிக்கா போய்விடுவோம். அவன் பட்டு வேட்டி எடுத்துவிட்டான். அதைக் கொண்டுவந்து என்னிடமே காட்டுகிறான். நான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

சின்ன வயதில் எனக்குக் காது குத்தும்போது நான் மாமா மடியில் இருந்து ஓடியதும், நீ துரத்திப் பிடித்து உன் பல்லி மிட்டாயையும் எனக்கே கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறதா? என் பிள்ளைக்கு நீ இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்கிறது.

உனக்கு லீவு இல்லையென்றால் நாங்கள் நீ வேலை செய்கிற இடத்துக்கே வருகிறோம். மாமன் மடி எங்கே இருந்தால் என்ன? ஆனால் அந்தக் கடிதம் வேண்டும். இல்லை என்றால் இல்லை என்றாவது எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

தேவயானி


நேர்ப்பெஸ்
3-12-2007

தாயி,

இதோடு அழைப்புக் கடிதம் இருக்கிறது. அதில் என் வேலை என்னவென்று முதலாளி எழுதியிருக்கிறார். ஜெபஷீலா அக்கா வாசித்துச் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்கிறேன்.

நான் ஆபீசர் இல்லை. வெள்ளரிக்காய் பறிக்கிற வேலை. கொடியை நூலில் ஏற்றுவது, பக்கத்தளிர் கிள்ளுவது, பறிப்பது, பெட்டியில் அடுக்குவது. படிக்க வந்த படிப்பை இரண்டாம் வருஷத்திலேயே விட்டுவிட்டேன். பாஷையும் ஏறவில்லை, பாடமும் ஏறவில்லை. தற்காலிகமாக என்று இங்கே சேர்ந்தேன், ஐந்து வருஷம் ஓடிவிட்டது. கம்பெனியில் வேலை கிடைத்தது என்று எழுதினபோது ஆபீசர் என்று ஒரு சொல் கூடச் சேர்த்துவிட்டேன். அதை எடுக்க முடியாமல் போயிற்று. கோட்டு போட்டு அனுப்பிய போட்டோ, உடன் வேலை பார்ப்பவனின் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கோட்டு.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தை விற்றுப் பத்திரம் முடித்து வந்த அன்று அப்பா என்ன சொன்னார், நீயும் கேட்டாய். "கொடியப் பிடிச்சுத் தொங்குற பொழப்பு என்னோட போகட்டும்டா." அந்தத் தோட்டத்தை விற்றுத்தான் நான் இங்கே வந்தேன். வந்து கொடியைத்தான் பிடித்துத் தொங்குகிறேன். அப்பா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியாது, கடிதத்தில் முடிகிறது. அதனால்தான் உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் விளக்குப் போட்ட கண்ணாடிப் பந்தலில் பறிப்பு உச்சத்தில் இருக்கும். ஒரு நாள் விட்டால் காய் பெருத்துப்போகும், லீவு கிடையாது. மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ வருவாயா, பொன்னுராஜையே உட்கார வைப்பாயா, உன் இஷ்டம். எதுவானாலும் நான் கோபப்பட மாட்டேன். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

நாகராஜ்


மார்க்கையன்கோட்டை
17-12-2007

அன்புள்ள அண்ணே,

நாங்கள் நலம். நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கு.

லூசா நீ? எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவனுக்குப் பெருவிரல் நகத்தால் கிள்ள வேண்டும் என்று தெரியுமா? அந்தக் கோட்டுப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உன் நகத்தில் பச்சைக் கறை அப்பியிருக்கிறது. நம் அப்பாவுக்குத் தோட்டம் இருந்த காலத்தில் எப்போதும் இருக்குமே, அதே கறை. இவன் எப்போது சொல்லுவான் என்று மூணு மாதமாகக் காத்திருந்தேன். வேண்டுமென்றேதான் அந்தக் கடிதத்தைக் கேட்டுக் கேட்டு நச்சரித்தேன், உன்னை இக்கட்டில் விட்டதற்கு மன்னித்துக்கொள்.

கல்யாணத்துக்கு வராதது மட்டும் ஆறவில்லை. அதற்கு நேரில் வந்து ஒரு குட்டு வைக்கிறேன், வாங்கிக்கொள்.

இப்போது வேலையைப் பார்ப்போம். விசாவுக்குக் கொடுத்தாயிற்று. பொன்னுராஜிடம் நானே போய்ச் சொன்னேன். முகம் சுண்டிப்போனாலும், "சொந்த மாமன் இருக்கும்போது நான் எதுக்குக்கா" என்றான். அந்தப் பட்டு வேட்டியைச் சீராக உனக்குக் கொடுத்துவிடுகிறான்.

ஒரே ஒரு கேள்வி. உன் பந்தலுக்குள் எத்தனை டிகிரி? புத்தகத்தில் பார்த்தேன், வெள்ளரிக்கு இருபத்துமூன்றுக்குக் குறையக்கூடாதாம். அப்படியானால் அந்த நாட்டிலேயே நம் பிள்ளை பட்டுப் பாவாடை கட்டி உட்காரக்கூடிய இடம் உன் பந்தல் ஒன்றுதான். அங்கேயே குத்துவோம். முதலாளியிடம் கேள். கேட்கிறதற்கு என்ன வெட்கம்?

நதியா காதுக்குத் தங்கத்தில் சுத்து வளையம் செய்யச் சின்னமனூர் ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். காது குத்தியதும் எல்லோருக்கும் கொடுக்கக் காப்பரிசிக்கு அம்மா வெல்லமும் எள்ளும் கட்டிக்கொண்டிருக்கிறது. உன் வேலையைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை.

தேவயானி


நேர்ப்பெஸ்
4-1-2008

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்தேன், பெட்டி இரண்டைத் தப்பாக அடுக்கிவிட்டேன்.

முதலாளியிடம் கேட்டேன். அவருக்குப் புரிய வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிள்ளையின் அப்பா மடியில் ஏன் உட்காரவில்லை என்று கேட்டார். அப்பா மடி தினமும் இருக்கிறது, இது மாமன் மடி என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். செவ்வாய்க்கிழமை வெள்ளரி ஏற்றிக்கொண்டு ஹெல்சிங்கி போகிற வேனில் நான் வருவேன். புதன்கிழமை நீங்கள் இறங்கியதும் அதே வேனில் இங்கே கூட்டி வருகிறேன். முதலாளி வீட்டு மாடி அறையில் தங்கலாம். இந்த ஊர் நகைக்கடை அம்மா காது குத்தப் பந்தலுக்கே வருகிறார்.

ஒரு சந்தேகம். நாள் பார்த்தவர் சொன்ன ஒன்பது மணி உங்கள் ஊர் ஒன்பதா, இங்கத்த ஒன்பதா? உங்களுக்கு ஒன்பது என்றால் எனக்கு அதிகாலை ஐந்தரை. அம்மாவைக் கேட்டு எழுத இனி நாள் இல்லை, நானே முடிவு செய்துவிட்டேன். இங்கே அந்த வாரம் சூரியன் ஒன்பதரைக்குத்தான் எழும்பும். சூரியன் வந்த பிறகுதான் நல்ல நேரம். இங்கத்த ஒன்பதரை.

மஞ்சள் பூட்ஸ் வாங்கிவிட்டேன். கோணல் சுண்டுவிரலுக்கும் இடம் விட்டு.

நாகராஜ்


எடிசன், நியூஜெர்சி
2-2-2008

அன்புள்ள அண்ணே,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நதியாவின் காது ஆறி வருகிறது, சீழ் இல்லை. ஆனால் வெளியே போனால் குல்லாய்க்குள் மறைந்துவிடுகிறது, பார்க்க ஆளில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளே குல்லாயைக் கழற்றிக் காட்டுகிறாள்.

நீ அன்று முழுக்கக் குனிந்தே இருந்தாய், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். பொன்னுராஜின் பட்டு வேட்டியை உன் பச்சை வேலைச்சட்டைக்குக் கீழே கட்டிக்கொண்டு, காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய். சீர்த்தட்டு ஏழையும் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருந்தாய். ஆப்பிள், ஆரஞ்சு, எங்கிருந்தோ பிடித்த ஒற்றைத் தேங்காய், மீதியெல்லாம் வெள்ளரி. உன்னோடு வேலை செய்கிற வியட்நாம் அக்கா நதியாவின் பட்டுப் பாவாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கண்ணாடிக்கு வெளியே அத்தனை பனி, உள்ளே எனக்கு வேர்த்தது. நம் வீட்டு விசேஷம் போலவே இருந்தது.

மடியில் ஏறியதும் அவள் உன் கையைப் பிடித்து, "மாமா, ஒன் கை ஏன் பச்சையா இருக்கு?" என்றாளே. நீ கையை மறைக்கப் பார்த்தாய். அவள் விடவில்லை, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டுகிறதா என்று. அப்போதுதான் நகைக்கடை அம்மா குத்தியது. குத்தினது அவளுக்கு, அழுதது நீ.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அன்று பந்தலில் எடுத்த போட்டோவை, நீ பச்சைச் சட்டையில் இருக்கிறதையே, அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அதோடு நீ என்ன வேலை பார்க்கிறாய் என்றும் எழுதிவிட்டேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். என்னைத் திட்டிக்கொள். அவர் என்ன சொல்வார் என்று எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனால் இனி உனக்கு ஊருக்கு வரத் தடை ஒன்றும் இல்லை.

உன்
தேவயானி


மார்க்கையன்கோட்டை
26-2-2008

மகன் நாகராஜுக்கு, அப்பா வீரணன் ஆசீர்வாதம்.

நானும் உன் அம்மா பவுனும் சுகம். நீ சுகமாக இருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கச்சி அனுப்பின படமும் கடுதாசியும் வந்தது. ரெண்டு நாள் நான் டீக்கடைப் பக்கமே போகவில்லை. கோவம் இல்லை என்று சொன்னால் பொய். மூணாவது நாள் கண்ணாடியைப் போட்டுப் படத்தை நன்றாகப் பார்த்தேன். பேத்தியைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், அப்புறம் பின்னால் இருக்கிற கொடியைப் பார்த்தேன். ஒற்றைத் தண்டாக நேரே ஏறுகிறது. அடிக்கணு நாலும் சுத்தமாக இருக்கிறது. நூல் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கிறது. கணுவுக்கு ஒரு காய். முப்பது வருசம் பந்தல் போட்டவன் சொல்கிறேன், என்னால் இப்படி வளர்க்க முடிந்திருக்காது. அத்தனையும் நீ கிள்ளினது என்று உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் அழுதாள்.

ஆபீசர் என்று நீ ஒரு தடவைதான் எழுதினாய். ஊர் பூராவும் ஆயிரம் தடவை சொன்னது நான். அந்தப் பொய்யில் உன் பங்கு சின்னது. நேற்று டீக்கடையில் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். என் மகன் பனிக்கு நடுவில் வெள்ளரி விளைய வைக்கிறான் என்று சொன்னேன். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த மலைச்சாமி என் கையில் இருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பிஞ்சுக்கு என்ன உரம் போடுறாக என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. எழுது.

உன் தலைக்கு இடது பக்கம் மூணாவது கொடியில் ஒரு பக்கத்தளிர் விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கடுதாசி வருவதற்குள் முழ நீளம் ஆகியிருக்கும். பார்த்துக் கிள்ளிவிடு.

சித்திரையில் திருவிழா. உன் முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டு வா. கோட்டு வேண்டாம், இங்கன வெயில் அதிகம்.

அப்பா
வீரணன்